புத்தகக் கடையில் ஓர் எழுத்தறியாதவன்



நான் 35 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக இருந்தவன். எத்தனையோ பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியிருக்கிறேன். கைந்நாட்டு வைத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் சிலரை இரவுப் பள்ளியில் உட்காரவைத்துத் தம் பெயரைத் தாமே எழுதும்படி செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், 2018 ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், எழுத்து வாசனையே அறியாத ஒருவனாக நின்றேன். நின்ற இடம் காடும் அன்று, மேடும் அன்று. ஒரு புத்தகக் கடை. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

எனக்கு ஊர் நாகமலை புதுக்கோட்டை. மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், உடல் நீட்டிப் படுத்த பாம்பு போன்ற ஒரு மலையின் அடியில் இருக்கிறது. வெறுமனே புதுக்கோட்டை என்று சொன்னால், கேட்பவர் தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டையை நினைத்துக்கொள்வார். ஆகவே நாங்கள் மலையையும் சேர்த்தே சொல்லுவது வழக்கம். அந்த மலையை விட்டு நான் வெளியூர் போனது மிகக் குறைவு. என் மகள் சிங்கப்பூரில் குடியேறிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் முதன்முறையாக அங்கே போனேன்.

மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பள்ளி விடுமுறை ஆதலால் பேத்தியும் நானும்தான் வீட்டில். அவளுக்கு அப்போது வயது 10. கெட்டிக்காரி, வாய் ஓயாமல் பேசுவாள், பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்நாட்டில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் 'அதிகாரத்துவ மொழிகள்'. இது அவர்கள் ஆளும் சொல். நாம் ஆட்சிமொழி என்போம். பள்ளியில் எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் நடக்கும். தாய்மொழி ஒரு பாடம். என் பேத்திக்கும் தமிழ் ஒரு பாடம்.

ஒரு நாள் காலையில் தமிழ் முரசு நாளிதழை அவள் கையில் கொடுத்து, தலைப்பை வாசிக்கச் சொன்னேன். அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டத் தொடங்கினாள். இரண்டாவது சொல்லில் தடுக்கி நின்றாள். எனக்கு நாள்தோறும் செய்தித்தாள் பார்க்கும் நேரம் அது. தாளை அவள் கையிலிருந்து வாங்கி நானே வாசித்துவிட்டேன். இது ஒரு பெரிய செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்போது அது செய்தியாகத் தோன்றவில்லை.

அன்று மாலை அவளே, "தாத்தா, உங்களுக்குப் புத்தகம்தானே பிடிக்கும்? ஓர் இடம் இருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்துப் போனாள். ரயிலில் ஏறி இறங்கிச் சிறிது தூரம் நடந்து ஒரு பெரிய கட்டடத்தை அடைந்தோம். பல கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இத்தகைய கட்டடத்தைச் சிங்கப்பூர்த் தமிழர் 'கடைத்தொகுதி' என்று அழகாகச் சொல்லுகிறார்கள். நாம் 'மால்' என்று சொல்லித் திருமாலையும் மயக்கத்தையும் ஒருங்கே நினைவூட்டிக்கொள்கிறோம். இரண்டாவது பொருள் பொருத்தமானதே.

அந்தக் கடைத்தொகுதியின் பெயர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். 'நனைந்த அரிசி' என்று பொருள்படும் மலாய்ச் சொற்களிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். 1980 இல் அரசாங்கத்தின் வீடமைப்புக் கழகம் அதைக் கட்டியது. கீழ்த் தளங்களில் கடைகள். அவற்றின் மேலே அடுக்கடுக்காக வீடுகள். அந்த வட்டாரத்துத் தெருக்களில் இருந்த புத்தகக் கடைகள் பல அங்கே குடியேறியதால், சீனர்கள் அதைப் 'புத்தக நகரம்' என்றே வழங்குகிறார்கள். பளிங்கும் விளக்கும் கண்ணைப் பறிக்கும் புதிய கடைத்தொகுதி அன்று அது. மூக்குக் கண்ணாடிக் கடை, கடிகாரம் பழுது பார்க்கும் கடை, ஓவியர்க்கு வேண்டிய வண்ணமும் தூரிகையும் விற்கும் கடை, இவற்றின் இடையிடையே புத்தகக் கடைகள். எதிரிலே 2005 இல் திறக்கப்பட்ட தேசிய நூலகம் 16 மாடிகளோடு எழுந்து நிற்கிறது.

கீழே 'பாப்புலர்' என்னும் பெரிய கடை. சீனப் புத்தக வாணிகமாக 1924 இல் தொடங்கிய பழைய நிறுவனத்துக்கு உரியது. இப்போது அங்கே எழுதுபொருள்களும் தேர்வுப் பயிற்சி நூல்களும் மலையாகக் குவிந்திருக்கக் கண்டேன். நம் ஊரில் கோனார் உரை எப்படியோ அப்படி அங்கே பயிற்சி நூல். பேத்தி அந்தப் பக்கம் திரும்பவே மறுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மின்படியில் ஏறி மேல் தளத்திற்குப் போனோம். அங்கே இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒடுங்கிய ஒரு சிறு கடை, வாசல்வரை புத்தகம். பழைய காகிதத்தின் மணம், மதுரைப் புதுமண்டபத்தில் தூண்களுக்கிடையே இருந்த புத்தகக் கடைகளை நினைவூட்டியது. மகிழ்ச்சியோடு உள்ளே நுழைந்தேன்.

நுழைந்த இரண்டாவது நிமிடத்திலேயே மகிழ்ச்சி வடிந்துவிட்டது. அங்கிருந்த அத்தனையும் சீன நூல்கள். நமக்குத் தெரியாத மொழி நூல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம்; அதனால் என்ன என்பீர்கள். பிரெஞ்சு நூலை எடுத்தால் பொருள் தெரியாவிட்டாலும் எழுத்தைக் கூட்டி ஓசையையாவது எழுப்பலாம். இந்தி நூலென்றால் ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாவது தெரியும். இங்கே எனக்குப் பிடிமானம் எதுவுமே இல்லை. நான் நிற்பது சமயநூல் வரிசையின் முன்னேயா, சமையல்நூல் வரிசையின் முன்னேயா என்பதுகூட விளங்கவில்லை. விலையைக் குறிக்கும் எண்கள் மட்டும் என்னோடு பேசின. மற்றவை எல்லாம் வாய் மூடியிருந்தன.

ஆயினும் வந்தவன் உடனே திரும்புவது அழகன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தடித்த நூலை எடுத்து, வாசிப்பவன்போலப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினேன். ஆசிரியனாக இருந்தவனுக்குப் படிப்பதுபோல நடிப்பது கடினமன்று. பல ஆண்டுகள் மாணவர்கள் எனக்கு அதைக் கற்பித்திருக்கிறார்கள். கல்லாவின் பின்னே இருந்த முதியவர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார். சிறிது நேரங்கழித்து எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த நூலை மெல்ல மூடி, மறுபுறமாகத் திருப்பி, நாம் கடைசி அட்டை என்று கருதும் பக்கத்தைத் திறந்து, என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அது தைவானில் அச்சான நூல். பழைய முறைப்படி வரிகள் மேலிருந்து கீழாக ஓடும். முதல் வரி வலக்கோடியில் தொடங்கும். ஆகவே நூலும் நமக்குப் பின்பக்கமாகத் தோன்றும் இடத்திலிருந்தே தொடங்கும். நான் இவ்வளவு நேரமும் முடிவிலிருந்து முதலுக்குப் 'படித்து'க்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சிரிப்பதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு என் தாயின் நினைவு வந்தது. என் அன்னை எழுத்தறியாதவர். 1971 ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் மதுரைக்குப் போய்விட்டு, இன்று பெரியார் நிலையம் என வழங்கும் இடத்தில் பேருந்து ஏறினார். நாகமலை போகும் வண்டி என்று எண்ணி ஏறியது திருமங்கலம் போகும் வண்டி. இரவு பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். பதறிக்கொண்டிருந்த நான், ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில், "பலகையில்தான் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே, பார்த்து ஏறக்கூடாதா?" என்று சீறினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எழுத்து ஒன்னயப் பாத்தாப் பேசுது, என்னயப் பாத்தா வாயப் பொத்திக்கிருதுய்யா" என்றார். எழுத்துக் கற்பிக்கும் கலையைக் கற்றுக்கொண்டிருந்த நான், அவருக்கு ஊர்ப்பெயரை மட்டுமாவது கற்பிக்கலாம் என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, அவர் இருந்தவரையும் நினைக்கவில்லை. இரவுப் பள்ளியில் ஊராருக்குக் கற்பித்தது அவர் மறைந்த பிறகுதான்.

எங்கள் ஊருக்கு அருகே சமணர் மலை இருக்கிறது. கீழக்குயில்குடிப் பக்கமாக ஏறினால், பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைப் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருப்பதைக் காணலாம். அவற்றின் கீழே, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். மொழி தமிழ்தான். ஆனால் சிறுவயதில் ஆடு மேய்க்கும் தோழர்களோடு அங்கே திரிந்த காலத்தில், அவற்றைப் பாறையின் வெடிப்பு என்றே நினைத்தோம். தமிழாசிரியனான பிறகும் அவற்றை என்னால் படிக்க முடிந்ததில்லை. வேற்று மொழியின் எழுத்து நமக்கு ஊமையாக இருப்பதில் வியப்பில்லை. சொந்த மொழியின் எழுத்தே, படிப்பார் இல்லாமற்போனால், பாறை வெடிப்பாகிவிடுகிறது.

பெரியவரிடம் போய் ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது இருக்கலாம். நிதானமான ஆங்கிலம். என்ன நூல் வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஒரே ஒரு சீன நூலின் பெயர்தான் தெரியும். இந்திய அயலுறவுப் பணியில் இருந்த ஒருவர், 'பயணி' என்ற புனைபெயரில், சீனாவின் மிகப் பழைய பாடற்றொகையிலிருந்து சில பாடல்களைச் சீன மொழியிலிருந்தே நேரே தமிழாக்கி, 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்று 2012 இல் நூலாக வெளியிட்டார். அதை நான் விரும்பிப் படித்திருந்தேன். அந்தத் தொகையின் சீனப் பெயர் 'ஷி ஜிங்'. அதையே சொன்னேன்.

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன், இன்னும் உரக்கச் சொன்னேன். உரக்கச் சொன்னால் விளங்கிவிடும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. குற்றம் குரலின் வலிமையில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருந்தது. மாண்டரின் என்னும் பொதுச் சீனத்தில் ஒவ்வோர் அசைக்கும் நான்கு வகை இசை உண்டு. 'ஷி' என்பதை ஒரே உயரத்தில் நீட்டினால் கவிதை; மேலே ஏற்றினால் பத்து; தாழ்த்தி எழுப்பினால் வரலாறு; கீழே வெட்டி இறக்கினால் காரியம். நான் எந்த உயரத்தில் எதைக் கேட்டேனோ, அவருக்கே வெளிச்சம். பேத்திதான் கைப்பேசியில் தேடி எழுத்தைக் காட்டினாள். "ஓ!" என்று முகமலர்ந்து ஏணி போட்டு ஏறினார்.

கொண்டுவந்தவை இரண்டு பதிப்புகள். ஒன்று தைவான் பதிப்பு, பழைய எழுத்து. மற்றது சீனப் பதிப்பு, எளிதாக்கிய எழுத்து. சீன எழுத்துகளில் கோடுகளைக் குறைத்து எளிமைப்படுத்தும் வேலையைச் சீன அரசு 1950-களில் தொடங்கியது. சிங்கப்பூரும் 1969 இல் தனக்கென ஒரு பட்டியல் செய்து, 1976 இல் சீனாவின் பட்டியலோடு ஒத்துக்கொண்டது. "எனக்கு இரண்டும் வரும்; இளைஞர்களுக்குப் பழையது வராது" என்றார் பெரியவர். நான் நம்முடைய கதையைச் சொன்னேன். 1978 இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, யானைத் துதிக்கைபோல வளைந்த பழைய 'லை'யும் 'னை'யும் போயின. எங்கள் ஊர்ப்பெயரில் வரும் 'லை'யே அதன்பின் மாறியதுதான். என் தாய் பார்த்துத் திகைத்த பலகையில் இருந்தது துதிக்கை வைத்த 'லை'.

கவித்தொகையில் 305 பாடல்கள். அவற்றுள் 160 நாட்டுப்புறத்து மக்களின் பாடல்கள்: காதல், பிரிவு, போருக்குப் போன கணவன், வரி கொடுத்து நொந்த குடியானவன். முதலில் ஒரு பறவையோ செடியோ வரும். அதன்பின்னேதான் மனித உள்ளம் பேசும். நம் அகப்பாடல்களைப் படித்தவர்க்கு இந்த முறை புதிதன்று. முதற் பாடலைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். ஆற்றுத் திட்டில் நீர்ப்பறவைகள் கூவுவதிலிருந்து தொடங்கும் பாடல் அது. பெரியவர் நூலைப் பார்க்காமலேயே சொன்னார். இரட்டித்து வரும் அந்தப் பறவைக் குரல் மட்டும் எனக்கு விளங்கிற்று. பள்ளியில் மனப்பாடம் செய்ததாம். அவர் படித்த சீனப் பள்ளி இப்போது இல்லையாம்.

பிறகு அவர் தம் கதையையே சொன்னார். வீட்டில் தாய் பேசியது தியோச்சூ என்னும் தென்சீனக் கிளைமொழி. பள்ளியில் கற்றது மாண்டரின். கிளைமொழிகளை விட்டு மாண்டரின் பேசுங்கள் என்று 1979 இல் அரசு இயக்கம் தொடங்கியது. பிள்ளைகள் மாண்டரினுக்கு வந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதைத் தாண்டி ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். தென்கிழக்காசியச் சீனர் பணம் திரட்டி 1955 இல் நன்யாங் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். முச்சக்கர வண்டி மிதித்தவர்கள்கூட ஒரு நாள் வருமானத்தை அதற்குக் கொடுத்தார்கள். 1980 இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுப் பெயர் மறைந்தது. 1987 இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. நல்ல வேலைக்கும் உலக வாணிகத்துக்கும் அது வழி திறந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. தம் பிள்ளைகள் அதனால் வாழ்கிறார்கள் என்றும் சொன்னார். ஆனால் புத்தகக் கடைகளின் வாசலில் கூட்டம் குறைந்தது. 1925 இல் தொடங்கிய ஷாங்காய்ப் புத்தக நிறுவனம் 2008 இல் கதவை மூடியது. யிங் பெய் ஆன் என்னும் நாவலாசிரியர், நூலுக்கு நல்ல இடம் வேண்டும் என்று 1995 இல் தாமே ஒரு சீனப் புத்தகக் கடை திறந்து, 2014 வரை நடத்திப் பிறரிடம் ஒப்படைத்தார்.

எனக்கு இது பெருவியப்பாக இருந்தது. சிறுபான்மையர் மொழி தேய்கிறது என்றால் புரிகிறது. அங்கே மக்கள்தொகையில் 100 பேருக்கு 74 பேர் சீனர். உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி அது. ஆயினும் 2020 இல் எடுத்த கணக்கில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றோர் 48.3 விழுக்காடு, மாண்டரின் என்றோர் 29.9, தமிழ் என்றோர் 2.5. ஆட்சிமொழி, பெரும்பான்மை, தொன்மை, இலக்கியம் என நாம் எவற்றையெல்லாம் அரண் என்று நம்புகிறோமோ, அவையெல்லாம் அவர்களுக்கும் இருக்கின்றன. இருந்தும் அந்தக் கடையில் நாங்கள் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் வேறு எவரும் வரவில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். 1409 ஆம் ஆண்டு பொறித்த கல்வெட்டு ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. செங் ஹோவின் கதையைப் பெரியவர் நன்றாக அறிவார். கல்லில் தமிழ் உண்டு என்பது அவருக்குப் புதிது. "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். 1911 இல் காலி நகரத்தில், வாய்க்கால் ஒன்றின்மேல் மூடுகல்லாக, எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கிக் கிடந்தது என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மேசைமேலிருந்த இரண்டு கவித்தொகைகளையும் ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

பிறகு என் ஊர்ப்பெயரைக் கேட்டார். சொன்னேன், பொருளையும் சொன்னேன். பொதி சுற்றும் தாளில் பேனாவால் இரண்டு எழுத்து எழுதினார். முதல் எழுத்துப் பாம்பு. அதன் இடப்புறத்தில் புழு பூச்சிகளைக் குறிக்கும் ஒரு சிறு வடிவம் உண்டு. இப்படிப்பட்ட உறுப்புகள் 214. அகராதியில் சொல் தேட வேண்டுமானால் முதலில் உறுப்பைக் கண்டுபிடித்து, பிறகு எஞ்சிய கோடுகளை எண்ண வேண்டும். 1716 இல் காங்ஷி பேரரசர் காலத்தில் முடிந்த பேரகராதியில் 47,000-க்கு மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. நாள்தோறும் புழங்குவதற்கு 3,500 போதுமாம். 247 எழுத்தைப் பெரும்பாரம் என்று அலுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் தேறுதல் அடைவார்கள். இரண்டாவது எழுத்து மலை: நேராக நிற்கும் மூன்று கோடுகள், நடுக்கோடு உயரம், அடியில் ஒரு கிடைக்கோடு. பார்த்தவுடனே மூன்று சிகரம் தெரிந்தது. "ஷான்" என்று சொல்லிக் கொடுத்தார். நானும் சொன்னேன். பேனாவை என் கையில் கொடுத்தார். அறுபத்தாறு வயதில் புதிதாக ஓர் எழுத்து எழுதினேன். நடுக்கோடு குட்டையாகிவிட்டது. அவர் திருத்தவில்லை, "இன்னொரு முறை" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவர் தாளை என் பேத்தியின் பக்கம் நகர்த்தினார். "இதை உங்கள் எழுத்தில் நீ எழுதிக் காட்டு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து 'நா' எழுதினாள். 'க' எழுதினாள். 'ம' எழுதினாள். அங்கே நின்றுவிட்டாள். 'ல'வா, 'ள'வா என்று ஐயம். பேனா காற்றிலே அசைந்தது. என் கை தானாகவே பேனாவை நோக்கி நீண்டது. காலையில் செய்தித்தாளை வாங்கிய அதே கை. பெரியவர் தம் உள்ளங்கையை என் கையின்மேல் மெல்ல வைத்து அழுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவள் 'ளை' என்று எழுதினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தானே அதை அடித்துவிட்டு 'லை' என்று எழுதினாள். 'புதுக்கோட்டை'யில் 'க்' விடுபட்டது. அதற்காக நான் வாய் திறக்கவில்லை.

அவருக்கு அது ஒரு கோலமாகத்தான் தோன்றியிருக்கும். ஆயினும் தாளை இரண்டாகக் கிழித்து, தம் எழுத்தை எனக்குக் கொடுத்து, அவள் எழுத்தைத் தம் மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்துக்கொண்டார். "இவள் தமிழ்க் கதைப் புத்தகம் படிப்பாளா?" என்று கேட்டார். நான் விடை தேடுவதற்குள் அவளே, "பரீட்சைக்குப் படிப்பேன், கதை படித்ததில்லை" என்றாள். "என் பேரனும் அப்படித்தான்" என்றார் அவர். எளிய எழுத்தில் அச்சான கவித்தொகையை வாங்கிக்கொண்டேன். படிக்கத் தெரியாத நூலைக் காசு கொடுத்து வாங்கியது அதுவே முதல்முறை. திரும்பும் வழியில் கடைப்பலகைகளிலே 'மலை' எங்கேனும் வருகிறதா என்று தேடிக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஊர் திரும்பும்வரை, எதிரிலிருந்த தேசிய நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்கு அவளை நாள்தோறும் அழைத்துப் போனேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அவள் வாசிப்பாள், நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

அவ்வாண்டு டிசம்பரில் அவள் பெற்றோருடன் மதுரைக்கு வந்தாள். ஒரு நாள் நானும் அவளும் காளவாசல் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றோம். நல்ல வெயில். ஒரு வண்டி வந்து நின்றது. நான் ஏறக் கால் எடுத்து வைத்தேன். "இருங்க தாத்தா, நான் படிக்கிறேன்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, பலகையை அண்ணாந்து பார்த்து, நா, க, ம, லை என்று கூட்டத் தொடங்கினாள். நடத்துநர் ஊதல் கொடுத்தார். அவள் 'புதுக்' என்ற இடத்திற்கு வரும்போது வண்டி நகர்ந்துவிட்டது. ஓடும் வண்டியின் பின்னே பார்த்துக்கொண்டே 'கோட்டை'யையும் முடித்தாள். நாங்கள் அடுத்த வண்டியில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.